நட்டத்தைப் பங்கு போடத் தெரிந்தவர்

லண்டன், பாரிஸ், ரோம் போன்ற ஊர்களுக்கு அமெரிக்கா யாரையெல்லாம் தூதராக அனுப்பியிருக்கிறது என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போனால் ஓர் இடத்தில் சிரிப்பு வந்துவிடும். கார் விற்றுப் பணம் சேர்த்தவர், கட்டட முதலாளி, முதலீட்டு நிதி நடத்தியவர், அதிபரின் தேர்தலுக்கு நிதி திரட்டிக் கொடுத்தவர். நீண்ட காலம் அமெரிக்கத் தூதர்களில் ஏறக்குறைய பத்தில் மூன்று பேர் வெளியுறவுத் துறையில் வளர்ந்தவர்கள் இல்லை, அதிபர் வெளியிலிருந்து நேரடியாகக் கொண்டுவந்தவர்கள். தேர்தல் நன்கொடை இந்தப் பதவிக்கு ஒரு தகுதியாக இருக்கக் கூடாது என்று 1980-ல் வந்த அவர்களுடைய வெளியுறவுப் பணிச் சட்டம் எழுத்திலேயே சொல்கிறது. சொல்கிறது, அவ்வளவுதான். மாளிகையும் விருந்தும் உள்ள ஊர்கள் நன்கொடையாளர்களுக்கு, கொசுவும் குண்டுச் சத்தமும் உள்ள ஊர்கள் துறைக்காரர்களுக்கு என்பது எந்தக் காகிதத்திலும் இல்லாத ஏற்பாடு.

அதனால் நியூயார்க்கின் பெரிய வங்கியாளர் ஒருவர் அறுபத்தொன்பது வயதில் பாரிஸுக்குத் தூதராகப் போனார் என்றால், 'சரி, இன்னொருவர்' என்று தாண்டிப் போவதுதான் இயல்பு. ஃபீலிக்ஸ் ரோஹாட்டினும் ஜனநாயகக் கட்சிக்குப் பணம் கொடுத்தவர்தான், அதை மறைக்க ஒன்றுமில்லை. ஆனாலும் அவரை அந்த வரிசையில் நிறுத்த எனக்கு மனம் வருவதில்லை. நான் வங்கியில் குப்பை கொட்டியவன், அதிலும் நிறையக் காலம் வாராக்கடன் பக்கம். அந்தப் பக்கத்திலிருந்து பார்க்கிறவனுக்கு, கடன் கொடுத்தவர்களை ஒரு மேசையைச் சுற்றி உட்கார வைத்து ஆளுக்குக் கொஞ்சம் விட்டுக்கொடுக்கச் செய்வது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும். ரோஹாட்டின் அந்த வேலையைத் தூதராவதற்கு இருபது வருடம் முன்பே, ஒரு நாடு அளவுக்குப் பெரிய நகரத்துக்குச் செய்து காட்டிவிட்டார். பாரிஸ் பதவி அதன் வால்தான் என்பது என் எண்ணம்.

கதை வியன்னாவில் தொடங்குகிறது. 1928-ல் அங்கே ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். பீர் ஆலைகள் நடத்திய குடும்பம், பூர்வீகம் போலந்துப் பக்கம். ஆஸ்திரியாவில் காற்று மாறுவதை மோப்பம் பிடித்து 1935-லேயே பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள். அங்கேயும் 1940-ல் ஜெர்மன் படை வந்து சேர்ந்தது. தெற்கு நோக்கி ஓடிய அந்த நாட்களைப் பற்றி அவர் பிற்காலத்தில் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம் உண்டு. ஒரு ஹோட்டல் அறையில் உட்கார்ந்து, பன்னிரண்டு வயதுப் பையன், வீட்டில் மிச்சமிருந்த தங்கக் காசுகளைப் பற்பசைக் குழாய்களுக்குள் ஒவ்வொன்றாகத் திணித்திருக்கிறார். நிரந்தரமான சொத்து என்பது மண்டைக்குள் இருப்பது மட்டும்தான் என்ற எண்ணம் அப்போதிலிருந்து தன்னை விடவில்லை என்பார். வாழ்நாள் முழுக்க அடுத்தவர் சொத்தைக் கைமாற்றிக் கொடுத்துச் சம்பாதித்த ஒருவர் சொல்வதால் எனக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகவும் படும்.

காசு இருந்தும் பயனில்லை, விசா வேண்டும். அந்த விசாவைக் கொடுத்தவர் பிரான்ஸில் இருந்த பிரேசில் தூதர், லூயிஸ் மார்ட்டின்ஸ் டி சோசா டான்டாஸ். யூதர்களுக்கு விசா கொடுக்காதே என்று பிரேசிலின் வர்காஸ் அரசாங்கம் ரகசியச் சுற்றறிக்கைகள் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. மனிதர் அதைக் கண்டுகொள்ளவில்லை. சாதாரணப் பாஸ்போர்ட்டுகளில் ராஜதந்திர விசா என்று தன் கையாலேயே எழுதிக் கொடுத்துக்கொண்டே இருந்தார், நூற்றுக்கணக்கானவர்களுக்கு. ஊரில் அவர்மேல் விசாரணை வைத்தார்கள். 1954-ல் பாரிஸில் இறந்தார், அன்றைக்கு அவரைப் பற்றிப் பெரிதாகப் பேச ஆள் இல்லை. யூத இனப்படுகொலைக்கான இஸ்ரேலின் நினைவகமான யாத் வஷெம் அவரை அங்கீகரித்தது 2003-ல். ரோஹாட்டின் குடும்பம் அந்த விசாவோடு காசாபிளாங்கா, லிஸ்பன், ரியோ டி ஜெனீரோ என்று சுற்றி 1942-ல் நியூயார்க் வந்து சேர்ந்தது. ஒரு தூதரின் கையெழுத்துக்கு என்ன மதிப்பு என்று இந்தப் பையனுக்குப் பாடப் புத்தகத்தில் படித்துத் தெரிய வேண்டியிருக்கவில்லை.

மிடில்பரி கல்லூரியில் இயற்பியல் படித்தார். பட்டம் வாங்கிய கையோடு லசார்ட் வங்கியில் ஒரு சின்ன வேலை. லசார்ட் என்பது நாம் கணக்கு வைத்துக்கொள்கிற மாதிரி வங்கி இல்லை, டெபாசிட், கவுன்ட்டர், செக் புத்தகம் எதுவும் கிடையாது. கம்பெனிகளுக்கும் அரசாங்கங்களுக்கும் ஆலோசனை சொல்லி, கம்பெனிகளை வாங்க விற்க இடையில் நின்று கட்டணம் வாங்குகிற வீடு. பிரான்ஸின் லோரேன் பகுதியிலிருந்து வந்த சகோதரர்கள் 1848-ல் நியூ ஆர்லியன்ஸில் திறந்த ஜவுளிக் கடையாகத் தொடங்கி, நியூயார்க், பாரிஸ், லண்டன் என்று மூன்று ஊரில் மூன்று கிளைகளாக வளர்ந்தது. நியூயார்க் கிளையை அப்போது ஆண்டுகொண்டிருந்தவர் ஆந்த்ரே மெயெர், அவரும் 1940-ல் பாரிஸிலிருந்து தப்பி வந்த யூதர். பிரெஞ்சு பேசத் தெரிந்த, அகதி வாழ்க்கை தெரிந்த பையன் அவர் கண்ணில் பட்டான். அன்னியச் செலாவணிப் பிரிவில் தொடங்கியவரை மெல்லக் கம்பெனி இணைப்பு வேலைக்கு இழுத்துக்கொண்டார்கள். 1961-ல் பங்குதாரர். மெயெரிடம் வேலை பார்ப்பது லேசில்லை என்று அங்கே இருந்த எல்லோரும் சொல்லியிருக்கிறார்கள், கோபக்காரர், எந்த நேரமும் தொலைபேசியில் கூப்பிடுவார். தொழில் கற்க அப்படி ஒரு ஆள் தேவையா இல்லையா என்பது வேறு பஞ்சாயத்து.

அறுபதுகளில் ஐடிடி என்ற தொலைபேசிக் கம்பெனி கண்ணில் கண்ட கம்பெனியையெல்லாம் விழுங்கியது. கார் வாடகை, ஹோட்டல், ரொட்டி, கடைசியில் ஹார்ட்ஃபோர்ட் என்ற பெரிய இன்சூரன்ஸ் நிறுவனம். அந்தப் பசிக்குப் பரிமாறியவர் ரோஹாட்டின். ஹார்ட்ஃபோர்ட் விவகாரத்தில் ஏகபோகத் தடுப்பு வழக்கு வந்தபோது, அவர் நீதித்துறையின் இரண்டாம் நிலைத் தலைவரைப் பல முறை தனியாகப் போய்ப் பார்த்தார், பிறகு வழக்கு சமரசமானது, ஐடிடி ஹார்ட்ஃபோர்டை வைத்துக்கொண்டது. 1972-ல் செனட் குழு இதைத் தோண்டியது. அவர் போய்ச் சாட்சி சொல்ல வேண்டியிருந்தது. ஒரு பத்தி எழுத்தாளர் அவருக்கு 'ஃபிக்ஸர்' என்று பட்டம் கட்டினார், அந்தப் பட்டம் கடைசி வரைக்கும் ஒட்டிக்கொண்டது. குற்றம் எதுவும் அவர்மேல் சுமத்தப்படவில்லை. ஆனால் வாதாட ஒரு வழக்கறிஞர் போவதும் சரிக்கட்ட ஒரு வங்கியாளர் போவதும் ஒன்றல்ல. அவரைப் புகழ்கிறவர்கள் இந்தப் பக்கத்தைப் புரட்டாமல் தாண்டிவிடுகிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை.

அப்புறம் 1975. இங்கே கொஞ்ச நேரம் உட்கார வேண்டும்.

நியூயார்க் நகரம் பல வருடமாக ஒரு கெட்ட பழக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தது. தொழிற்சாலைகள் மூடிக்கொண்டு போயின, சம்பாதிக்கிற குடும்பங்கள் புறநகருக்குப் போயின, வரி குறைந்தது, செலவு குறையவில்லை. நடப்புச் செலவுக்குக் கடன் வாங்கினார்கள். பாலம் கட்டவும் பள்ளி கட்டவும் வைத்திருந்த மூலதனக் கணக்கில் சம்பளத்தை எழுதினார்கள். வராது என்று தெரிந்த வரியை வரும் என்று காட்டி, அதன்பேரில் குறுகிய காலக் கடன் பத்திரம் விற்றார்கள். பழைய பத்திரம் முதிர்ந்தால் புதிய பத்திரம் விற்று அடைத்தார்கள். வாராக்கடன் கோப்புகளைப் புரட்டிப் பழகியவனுக்கு இந்தக் கதை மனப்பாடம், தனி ஆள் செய்தாலும் கம்பெனி செய்தாலும் நகரம் செய்தாலும் வரிசை மாறாது. 1975 வசந்தத்தில் குறுகிய காலக் கடன் மட்டும் சுமார் 600 கோடி டாலர். அப்போது வங்கிகள் இனி நியூயார்க் பத்திரத்தை விற்றுத் தர மாட்டோம் என்று கையை விரித்தன. அதே வங்கிகள்தான் அதற்கு முந்தைய நாள் வரைக்கும் கட்டணம் வாங்கிக்கொண்டு அதை விற்றுக்கொடுத்தவை, இதையும் சொல்லிவிட வேண்டும்.

மாநில ஆளுநர் ஹியூ கேரி ரோஹாட்டினைக் கூப்பிட்டார். ஜூன் மாதம் ஒரு புதிய அமைப்பு பிறந்தது, நகராட்சி உதவிக் கழகம், சுருக்கமாக மாக். யோசனை எளிது. நகரத்தை யாரும் நம்பவில்லை, ஆகவே நகரம் கடன் வாங்க வேண்டாம். மாநிலத்தின் பெயரில் ஒரு கழகம் நீண்ட காலப் பத்திரம் விற்கும். நகரத்துக்குள் வசூலாகும் விற்பனை வரி நகரத்தின் கைக்குப் போகாமல் முதலில் இந்தக் கழகத்துக்கு வரும், அதிலிருந்து பத்திரக்காரர்களுக்கு வட்டியும் அசலும் கொடுத்துவிட்டு மிச்சம்தான் மேயருக்கு. முதலில் 300 கோடி டாலர் வரை விற்க அனுமதி. வங்கி மொழியில் சொன்னால் இது எஸ்க்ரோ கணக்கு. கடன்காரனிடம் பணம் போகும் முன்பே வழியில் நின்று பிடித்துக்கொள்வது. ரோஹாட்டின் அந்தக் கழகத்தின் முகமானார், பிறகு தலைவராக 1993 வரைக்கும் இருந்தார்.

ஆனால் பத்திரம் விற்கவில்லை. முதல் வெளியீடே தள்ளாடியது. வரி ஓட்டம் உறுதியாக இருந்தும் பெயரில் 'நியூயார்க்' இருந்ததால் ஆட்கள் தொடப் பயந்தார்கள். அந்தக் கோடையில் போலீஸ் சங்கத்துக்காரர்கள், ஆட்குறைப்புக்கு எதிராக, 'அச்ச நகரத்துக்கு வரவேற்கிறோம்' என்று மண்டையோடு போட்ட துண்டுப் பிரசுரம் அச்சடித்துச் சுற்றுலாப் பயணிகளை மிரட்டப் பார்த்தார்கள் என்றால் நிலைமை எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். வேறு வழியில்லாமல் தொழிற்சங்கங்களின் ஓய்வூதிய நிதிகளிடம் போக வேண்டியிருந்தது. அதாவது, வேலையை இழந்துகொண்டிருக்கிற அதே ஊழியர்களிடம் போய், உங்கள் வயதான காலத்துக்கு வைத்திருக்கும் பணத்தை இந்தப் பத்திரத்தில் போடுங்கள் என்று கேட்பது.

அக்டோபர் 17, வெள்ளிக்கிழமை. அன்றைக்கு 45.3 கோடி டாலர் முதிர்கிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் ஆசிரியர் ஓய்வூதிய நிதி 15 கோடி டாலருக்குப் பத்திரம் வாங்கினால்தான் கட்ட முடியும். முந்தின இரவு அறங்காவலர்கள் மாட்டோம் என்றுவிட்டார்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருக்கிறது, ஆயிரக்கணக்கான ஆசிரியர்களை வீட்டுக்கு அனுப்பிய நகரத்துக்கு எதற்கு அவர்கள் காசு போட வேண்டும்? அந்த வியாழன் இரவு மேயர் ஆபிரகாம் பீம் ஒரு பெரிய ஹோட்டலில் கோட் சூட் விருந்தில் இருக்கிறார், அவருடைய ஆட்கள் ஓடி வந்து சேதி சொல்கிறார்கள். திவால் மனு தயாராகிறது. கையில் போதுமான பணம் இல்லை என்று நகரம் அறிவிக்கும் அறிக்கையைத் தட்டச்சு செய்தே வைத்துவிட்டார்கள், அது வெளியே போகாமலே ஆவணக் காப்பகத்துக்குப் போனது. வெள்ளி காலை முழுக்க ஆசிரியர் சங்கத் தலைவர் ஆல்பர்ட் ஷாங்கரோடு பேச்சு. பத்திரம் வைத்திருந்தவர்கள் பணம் வாங்க வங்கியில் வரிசையில் நிற்கிறார்கள். மதியம் இரண்டு மணி வாக்கில் ஷாங்கர் இறங்கி வந்தார். மூன்று மணிக்கு வங்கி மூடும்.

எங்கள் தொழிலில் பல வங்கிகள் சேர்ந்து கடன் கொடுத்த கம்பெனி மூழ்கும்போது கூட்டம் போடுவோம். ஒருவரும் முதலில் கையெழுத்துப் போட மாட்டார்கள். ஹெட் ஆபீஸ் ஒப்புதல் வரட்டும் என்பார் ஒருவர், பெரிய பங்கு வைத்திருப்பவர் முதலில் போடட்டும் என்பார் இன்னொருவர், டீ வரும், கூட்டம் தள்ளிப்போகும், கம்பெனி இன்னும் கொஞ்சம் மூழ்கும். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பார்த்தால் புத்திசாலித்தனமாகத்தான் நடந்துகொள்கிறார்கள், சேர்த்துப் பார்த்தால் பைத்தியக்காரத்தனம். நியூயார்க்கில் நடந்ததும் இதேதான், மேசை மட்டும் பெரிது. சங்கங்கள் சம்பள உயர்வை விட்டால் நாங்கள் வட்டியை விடுகிறோம் என்றன வங்கிகள். வங்கிகள் விட்டால் நாங்கள் விடுகிறோம் என்றன சங்கங்கள். நகரம் தன்னைச் சீர்செய்தால் பார்க்கலாம் என்றது வாஷிங்டன். ரோஹாட்டினின் வேலை எல்லோரையும் ஒரே நேரத்தில் விட வைப்பது. அதற்கு அவர் வைத்திருந்த ஆயுதங்கள் ரொம்ப சாதாரணமானவை, தினமும் எல்லோரோடும் பேசுவது, ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் திரிக்காமல் சொல்வது, பத்திரிகைக்காரர்களிடம் பயமுறுத்துகிற மாதிரி நாலு வார்த்தை வீசுவது. நகராட்சி ஊழியர் சங்கத்தின் விக்டர் காட்பாம், பேச்சுவார்த்தையில் நேர் எதிரில் உட்கார்ந்தவர், பிற்பாடு அவருக்கு நெருங்கிய நண்பரே ஆகிவிட்டார்.

அக்டோபர் 29-ல் அதிபர் ஃபோர்டு, நகரத்துக்கு மத்திய அரசு கைகொடுக்காது என்று பேசினார். மறுநாள் டெய்லி நியூஸ் பத்திரிகை, செத்துத் தொலை என்று ஃபோர்டு நகரத்துக்குச் சொல்வதாகத் தலைப்புப் போட்டது, அவர் அந்தச் சொற்களைச் சொல்லவே இல்லை, ஆனால் அடுத்த ஆண்டுத் தேர்தல் வரைக்கும் அது அவரைத் துரத்தியது. இதில் வெளிநாட்டு விவகாரமும் கலந்திருந்தது. மேற்கு ஜெர்மனியின் சான்ஸலர் ஹெல்முட் ஷ்மிட், நியூயார்க் விழுந்தால் உலகச் சந்தைகளே ஆடும் என்று வெளிப்படையாகக் கவலைப்பட்டார். ஒரு நகராட்சியின் கடன் பாக்கி அட்லாண்டிக் கடந்து ராஜதந்திரப் பிரச்சினை ஆனது. டிசம்பரில் ஃபோர்டு இறங்கி வந்தார், வருடத்துக்கு 230 கோடி டாலர் வரை பருவகாலக் கடன், வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையோடு.

இந்த மீட்சிக்கு யார் விலை கொடுத்தார்கள் என்று கேட்டால், கணக்கு அவ்வளவு அழகாக இல்லை. பத்தாயிரக்கணக்கான நகர ஊழியர்கள் வேலை இழந்தார்கள். சுரங்க ரயில் கட்டணம் 35 சென்டிலிருந்து 50 ஆனது. 1847-லிருந்து கட்டணமே வாங்காத நகரப் பல்கலைக்கழகம் 1976-ல் கட்டணம் வைத்தது, ஏழை வீட்டுப் பிள்ளைகள், அதிலும் கறுப்பினப் பிள்ளைகளும் புவேர்ட்டோ ரிக்கோப் பிள்ளைகளும் அப்போதுதான் பெரிய எண்ணிக்கையில் உள்ளே நுழையத் தொடங்கியிருந்தார்கள். வங்கிகளும் விட்டுக்கொடுத்தன, குறுகிய காலப் பத்திரத்தை நீண்ட காலத்துக்கு மாற்றிக்கொண்டன. ஆனால் தள்ளிப்போன தவணையும் போன வேலையும் ஒரே எடை ஆகாது. பத்திரக்காரர்களை மூன்று வருடம் காத்திருக்கச் சொல்லி ஒரு சட்டம் போட்டார்கள், அதையும் 1976-ல் மாநிலத்தின் மிக உயர்ந்த நீதிமன்றம் அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தூக்கி எறிந்தது. கல்லூரிக் கட்டணத்தைத் தூக்கி எறிய எந்த நீதிமன்றமும் வரவில்லை. யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒரு வங்கியாளர் இவ்வளவையும் நடத்தி வைத்தார் என்று விமர்சித்தவர்களோடு நான் பாதி ஒத்துப்போகிறேன். மீதிப் பாதி, அன்றைக்கு அந்த நகரம் திவால் நீதிமன்றத்துக்குப் போயிருந்தால் அதே ஊழியர்களின் நிலை இதைவிட மோசமாகியிருக்கும் என்று நினைக்கிறது.

எண்பதுகளைச் சீக்கிரமாகத் தாண்டிவிடலாம், பணம் சம்பாதித்தார், நிறைய. வானொலி, தொலைக்காட்சிக் கம்பெனியான ஆர்சிஏவை ஜெனரல் எலெக்ட்ரிக் வாங்கியபோது இருந்தார், 1988-ல் சிகரெட், பிஸ்கட் கம்பெனியான ஆர்ஜேஆர் நபிஸ்கோ 2,500 கோடி டாலருக்கு ஏலம் போனபோது இயக்குநர் குழுவுக்கு ஆலோசகராக இருந்தார். அவருடைய ஆசை வேறு. நிதியமைச்சராக வேண்டும் என்பது வால் ஸ்ட்ரீட்டில் ரகசியமே இல்லை. கிளின்டன் முதலில் பென்ட்சனையும் பிறகு ரூபினையும் எடுத்துக்கொண்டார். 1996-ல் மத்திய வங்கியின் துணைத் தலைவர் பதவிக்கு அவர் பெயர் வந்தது. அமெரிக்கப் பொருளாதாரம் இன்னும் வேகமாக வளர முடியும் என்று அவர் சொல்லி வந்தது குடியரசுக் கட்சிக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை, செனட்டில் தேறாது என்று தெரிந்ததும் விலகிக்கொண்டார். 1997 பிப்ரவரியில் பாரிஸ் தூதர் பமேலா ஹாரிமன் பதவியில் இருக்கும்போதே இறந்தார். அந்த இடம்தான் கடைசியில் இவருக்கு வந்தது.

இங்கே ஒரு முன்னோடியைச் சொல்லாமல் போக முடியாது. ஜே.பி. மார்கனின் பங்குதாரர் டுவைட் மாரோ, அதிபர் கூலிட்ஜின் கல்லூரித் தோழர், 1927-ல் மெக்ஸிகோவுக்குத் தூதராகப் போனார். எண்ணெய் வயல்கள் யாருக்கு என்று இரண்டு நாடும் முறைத்துக்கொண்டிருந்த நேரம். முதலில் மாரோ வருவார், பின்னாலேயே அமெரிக்கக் கடற்படை வரும் என்று மெக்ஸிகோவில் பேசிக்கொண்டார்கள். அவர் போய் அதிபர் கயேஸோடு காலைச் சாப்பாடு சாப்பிட்டார். விமானி லின்ட்பெர்க்கை வாஷிங்டனிலிருந்து மெக்ஸிகோ நகருக்கு எங்கும் இறங்காமல் பறந்து வர வைத்தார், லின்ட்பெர்க் பிறகு அவருடைய மகளையே கல்யாணம் செய்துகொண்டது தனிக் கதை. தேவாலயத்துக்கும் அரசுக்கும் நடந்த ரத்தக் களரியை 1929-ல் சமரசத்துக்குக் கொண்டுவருவதில் அவருடைய கை பெரிது. கம்யூனிஸ்ட் ஓவியர் டியேகோ ரிவேராவைக் கூப்பிட்டு, குவெர்னவாக்காவில் கோர்த்தெஸ் மாளிகைச் சுவரில், ஸ்பானியர் செய்த கொடுமைகளையெல்லாம் வரையச் சொல்லித் தன் பணத்தில் கூலி கொடுத்தார்.

எனக்கு அவரிடம் முக்கியமாகப் படுவது வேறு ஒன்று. மார்கனில் அவருடைய பழைய சகா தாமஸ் லமான்ட், வெளிநாட்டுப் பத்திரக்காரர்களுக்காக மெக்ஸிகோவோடு 1930-ல் தனியாக ஓர் ஒப்பந்தம் போட்டார். மாரோ அதை எதிர்த்தார். மெக்ஸிகோ நொடித்துப்போன கடனாளி, அதன் எல்லாக் கடன்காரர்களையும் சேர்த்து வைத்துத்தான் தீர்வு காண வேண்டும், ஒரு தரப்பு மட்டும் முந்திக்கொண்டு வாங்கிப் போகக் கூடாது என்பது அவர் வாதம். தன்னை ஆளாக்கிய வங்கியின் நலனுக்கு எதிராகவே ஒரு தூதர் நின்றார், அதுவும் ஒரு நல்ல வங்கியாளருக்குத் தெரிந்த காரணத்துக்காக. ரோஹாட்டின் நியூயார்க்கில் செய்ததும் அதே கணக்கைத்தான்.

பாரிஸுக்கு வருவோம். ஃபோபூர் செயின்ட் ஒனோரே தெருவில் உள்ள தூதர் மாளிகை ஒரு காலத்தில் ராத்ஷீல்டு குடும்பத்துடையது, ஆக்கிரமிப்புக் காலத்தில் ஜெர்மன் விமானப்படை அதிகாரிகள் அதை எடுத்துக்கொண்டார்கள். 1940-ல் அவர்களிடமிருந்து ஓடிய பையன் 1997 செப்டம்பரில் அங்கே குடியேறினார். அதே மாதம் பிரெஞ்சு எண்ணெய்க் கம்பெனி டோட்டல், ஈரானோடு 200 கோடி டாலர் எரிவாயு ஒப்பந்தம் போட்டது. ஈரானில் முதலீடு செய்யும் எந்த வெளிநாட்டுக் கம்பெனியையும் தண்டிப்போம் என்று அமெரிக்கா சட்டம் வைத்திருந்த நேரம் அது. எங்கள் கம்பெனிக்கு உங்கள் நாடாளுமன்றம் எப்படிச் சட்டம் போடும் என்று பிரான்ஸ் கொதித்தது. மறு வருடம் மே மாதம் அமெரிக்கா விலக்கு அளித்து விஷயத்தை ஆறப்போட்டது. பிறகு, ஹார்மோன் கொடுத்து வளர்த்த அமெரிக்க மாட்டிறைச்சியை ஐரோப்பா வாங்க மறுத்த சண்டை வந்தது, அதற்குப் பதிலடியாக ரோக்ஃபோர் பாலாடைக்கட்டிக்கு அமெரிக்கா நூறு சதவீத வரி போட, 1999 ஆகஸ்டில் ஜோசே போவேயும் அவருடைய விவசாயிகளும் மியோ ஊரில் கட்டிக்கொண்டிருந்த மெக்டொனால்ட்ஸைப் பிரித்துப் போட்டார்கள். அமெரிக்காவை 'அதிவல்லரசு' என்று கிண்டலாக அழைத்த வெளியுறவு அமைச்சர் ஹியூபர்ட் வேத்ரின்தான் தினமும் பேச வேண்டிய ஆள்.

ரோஹாட்டின் அங்கே செய்த உருப்படியான காரியம் பாரிஸுக்கு வெளியே நடந்தது. செலவைக் குறைக்கிறோம் என்று லியோன், போர்தோ போன்ற ஊர்களில் இருந்த துணைத் தூதரகங்களை அமெரிக்கா அதற்கு முன்பே மூடியிருந்தது. பிரான்ஸ் என்றால் பாரிஸ் மட்டும் இல்லை, வியாபாரமும் தொழிலும் மாகாணங்களில்தான் என்பது அவருக்குத் தெரியும். பெரிய அலுவலகம் திறக்கப் பணம் இல்லை என்றார்கள். சரி, ஓர் ஆளை மட்டும் போடுவோம் என்றார். ஓர் அமெரிக்க அதிகாரி, உள்ளூர்க்காரர்கள் ஓரிருவர், ஒரு சின்ன அறை. விசா வரிசை, பெரிய கொடிக்கம்பம் எதுவும் கிடையாது. ஊர் மேயரையும் வணிகர் சங்கத்தையும் பல்கலைக்கழகத்தையும் தெரிந்து வைத்திருப்பதுதான் வேலை. முதலில் லியோன், பிறகு தூலூஸ், ரென், லீல், போர்தோ. ஒரு கிளை மூடினால் அந்த ஊர் வாடிக்கையாளர் எல்லாம் எதிர் வங்கிக்குப் போய்விடுவார்கள் என்று தெரிந்த ஆளுக்குத்தான் இந்த யோசனை தோன்றும். 2006-ல் காண்டலீசா ரைஸ் வெளியுறவுத் துறையைத் திருத்தி அமைக்கும் திட்டத்தைச் சொன்னபோது இந்த ஓராள் அலுவலகத்தை மற்ற நாடுகளுக்கும் கொண்டுபோவதாகச் சொன்னார். ரோஹாட்டினின் மனைவி எலிசபெத், பாரிஸுக்கு வெளியே உள்ள பிரெஞ்சு அருங்காட்சியகங்களையும் அமெரிக்க அருங்காட்சியகங்களையும் இணைக்கும் அமைப்பு ஒன்றை 1999-ல் தொடங்கினார், அதுவும் இதே போக்குதான்.

இதில் நான் எதிர்பார்க்காத ஒரு பகுதி உண்டு. வாழைப்பழமும் மாட்டிறைச்சியும் விமானமும் எண்ணெயும் பேசத்தான் ஒரு வங்கியாளர் போயிருப்பார். திரும்பி வந்த பிறகு, 2001-ல், பத்திரிகையில் அவர் எழுதிய கட்டுரை மரண தண்டனையைப் பற்றியது. தான் தூதராக இருந்த காலத்தில் வேறு எந்த விஷயமும் ஐரோப்பியர்களிடம் இவ்வளவு ஆவேசத்தைக் கிளப்பவில்லை, போகிற இடமெல்லாம், பொருளாதாரம் பேசப் போன கூட்டத்தில்கூட, உங்கள் நாட்டில் ஏன் இன்னும் ஆட்களைக் கொல்கிறீர்கள் என்றுதான் கேட்டார்கள் என்று எழுதினார். அவரே முன்பு அந்தத் தண்டனைக்கு ஆதரவான மனநிலையில் இருந்தவர், கேட்டுக் கேட்டு மாறிப்போனார். ஒரு நாட்டின் பெயர் எதனால் உயர்கிறது எதனால் கெடுகிறது என்பதைத் தரமதிப்பீட்டு நிறுவனத்தின் எழுத்துக்களை வைத்து அளந்து பழகியவருக்கு, டெக்ஸாஸ் சிறையில் விஷ ஊசி போடும் ஒரு படுக்கை அதில் எத்தனை புள்ளி குறைக்கிறது என்று லீலிலும் லியோனிலும் யாரோ ஆசிரியர்களும் மாணவர்களும் சொல்லித்தர வேண்டியிருந்தது.

2000 கடைசியில் பதவி முடிந்து வந்தவர் சும்மா இருந்திருக்கலாம். வயதும் ஆகிவிட்டது, பணமும் இருக்கிறது. தொண்ணூறுகளிலேயே டெரிவேட்டிவ்களை, அதாவது பங்கு, வட்டி போன்றவற்றின் விலையை வைத்துப் போடும் ஒப்பந்தங்களை, இருபத்தாறு வயது எம்பிஏக்காரர்கள் கணினியில் செய்கிற நிதி ஹைட்ரஜன் குண்டு என்று எச்சரித்த அதே மனிதர் 2006-ல் போய் லேமன் பிரதர்ஸ் என்ற முதலீட்டு வங்கியில் ஆலோசகராகச் சேர்ந்தார். 2008-ல் லேமன் எப்படி வெடித்தது என்று சொல்ல வேண்டியதில்லை. ஏன் போனார் என்று எனக்கு இன்றைக்கும் பிடிபடவில்லை, மேசையை விட்டு எழுந்திருக்க முடியாத ஆட்கள் உண்டு, அவ்வளவுதான். 2010-ல் லசார்டுக்கே திரும்பினார். 2019 டிசம்பரில், 91 வயதில், நியூயார்க்கில் இறந்தார்.

மாக் கழகம் அவருக்கு முன்பே, 2008-ல் கணக்கை முடித்துக்கொண்டது. கடன் முடிந்துவிடவில்லை. 2004-ல் நகரம் இன்னொரு கழகத்தை உருவாக்கி, மிச்சமிருந்த சுமார் 250 கோடி டாலரைப் புதுப் பத்திரமாக மாற்றித் தள்ளி வைத்தது. அந்தப் பத்திரங்களுக்கு 2034 வரை தவணை போட்டார்கள்.